கழுத்துக்கு ஏற்ற நுகம்

(பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை. நற்செய்தி: மத்தேயு 11:25–30)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் களைத்துப்போனவர்களையும் பாரம் சுமப்பவர்களையும் தம்மிடம் அழைக்கிறார்; இளைப்பாறுதல் தருவதாக வாக்களிக்கிறார். துக்க வீடுகளிலும் நோயாளிகளின் படுக்கை அருகிலும் நாம் அடிக்கடி வாசிக்கிற பகுதி இது. கோவில் முகப்பிலும் கல்லறைத் தோட்டத்து வாசலிலும்கூட எழுதி வைத்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, இது வயதானவர்களுக்கும் வாழ்க்கையில் அடிபட்டவர்களுக்கும் உரிய பகுதி என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டது. ஆனால் அழைத்த வேகத்திலேயே ஆண்டவர் ஒரு நுகத்தை எடுத்து நீட்டுகிறார். இளைப்பாற வந்தவர் கழுத்தில் யாராவது நுகத்தை வைப்பார்களா?

நுகம் என்பது உழப்போகிற மாட்டுக்கு உரியது. அப்படியானால் இந்தப் பகுதி, வாழ்க்கை என்னும் வயலில் இப்போதுதான் இறங்கப்போகிறவர்களுக்கும் உரியது. புலம்பல் நூலும் (3:27) இளமையிலேயே நுகம் சுமப்பது மனிதருக்கு நல்லது என்று சொல்கிறது. ஆகவே இன்று 17, 18 வயதில் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளையும், படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்கிற இளையோரையும், அவர்களைப் பெற்றவர்களையும் மனத்தில் வைத்துப் பேசுவோம்.

டிராக்டர் வந்தபிறகு நுகத்தடியைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் குறைவு. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு மாடுகளின் கழுத்தின்மேல் குறுக்காகக் கிடக்கும் மரம் அது. புதிதாக உழவுக்கு வரும் இளங்காளையை இன்னொரு இளங்காளையோடு சேர்த்துப் பூட்ட மாட்டார்கள். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். உழவு தெரிந்த மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். இளசு துள்ளும், நின்றுவிடும், படுத்துக்கொள்ளும். அனுபவப்பட்ட மாடு தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். நாளாக ஆக, இளசும் அந்த நடைக்கு வந்துவிடும். ஆண்டவர் 'என் நுகம்' என்று சொல்வதை இந்த உழவு முறையை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அவர் ஏற்கெனவே நிற்கிறார். மறுபக்கத்தில்தான் இடம் காலியாக இருக்கிறது.

2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், இயேசு தச்சராக இருந்தபோது கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நல்ல தச்சர் மாட்டின் கழுத்தைப் பார்த்துத்தான் மரத்தை இழைப்பார். சரியாக இழைக்காத நுகம் தோலை உரித்துப் புண்ணாக்கிவிடும். தம் நுகம் இனிமையானது என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில் மூலக் கிரேக்கத்தில் உள்ள சொல், பயன்பாட்டுக்கு ஏற்றது, நல்லது என்றும் பொருள்படும். கழுத்தை அறிந்தவர் செய்த நுகம் அது.

இனி நம் பிள்ளைகளிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். நுகமே இல்லாமல் யாரும் இருபது வயதைக் கடப்பதில்லை. கல்விக் கடன் ஒரு நுகம். 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு சம்பளம் வாங்குகிறான் தெரியுமா' என்கிற பேச்சு ஒரு நுகம். ஒரு நடிகருக்காகப் பால் குடம் எடுப்பதும், ஒரு கட்சிக்காக இரவு முழுவதும் சுவரொட்டி ஒட்டுவதும், கைப்பேசியில் எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள் என்று நள்ளிரவில் எழுந்து பார்ப்பதும் நுகங்களே. இவற்றில் எதையும் நாம் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கவில்லை. கழுத்து வலிக்கத் தொடங்கிய பிறகுதான் பூட்டியிருப்பதே தெரிகிறது. 'இந்த வயதில் சுதந்திரமாக இருந்துவிட்டுப் பிறகு கடவுளைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்கிற இளைஞர், காலியான கழுத்தோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்.

நமக்குத் திருமுழுக்கு நடந்தபோது நாம் கைக்குழந்தைகள். அலகையை விட்டுவிடுவதாகவும் இறைவனை நம்புவதாகவும் நம் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நமக்காகப் பதில் சொன்னார்கள். பள்ளிப் பருவத்தில் ஆயர் வந்து நெற்றியில் கிறிஸ்மா எண்ணெய் பூசி உறுதிப்பூசுதல் அளித்தார். அன்று நாமே பதில் சொன்னோம். புதுச்சட்டை, புகைப்படம், பிரியாணி, எல்லாம் நடந்தது. மறுவாரத்திலிருந்து மறைக்கல்விப் புத்தகம் பரணுக்குப் போய்விட்டது. உறுதிப்பூசுதல் என்பது தூய ஆவியாரின் ஆற்றலோடு சாட்சிகளாக வாழத் தொடங்கும் நாள். நம் பங்குகளில் பல பிள்ளைகளுக்கு அது கோவிலிலிருந்து விடைபெறும் நாளாக மாறியிருக்கிறது. இதைப் பிள்ளைகளின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு வருவோம்.

விடைபெறாமல் முழுமையாக உள்ளே வந்த ஓர் இளைஞரை அரசர்கள் நூல் காட்டுகிறது (1 அரசர் 19:19–21). எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலில் உழுதுகொண்டிருக்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளை. இறைவாக்கினர் எலியா அந்த வழியே வந்து தம் போர்வையை அவர்மேல் போடுகிறார். எலிசா ஒன்றே ஒன்று கேட்கிறார்: தாய் தந்தையை முத்தமிட்டு வர அனுமதி. பிறகு தாம் ஓட்டிய ஏரின் மாடுகளை அடித்து, ஏர் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஊராருக்கு விருந்து வைத்துவிட்டுப் புறப்படுகிறார். திரும்பி வந்தால் உழுவதற்கு அந்த ஏர் இருக்காது.

இதைக் கேட்டதும், 'முழு மனத்தோடு விசுவசிப்பது என்றால் எல்லாவற்றையும் எரித்துவிட்டுக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போவதுதானே, அது நமக்கு ஆகாது' என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். குருத்துவ, துறவற அழைத்தல்கள் நமக்கு மிகவும் தேவை; அதற்காக மன்றாடுகிறோம். ஆனால் ஏரை எரிக்காமலே முழுவதும் இறைவனுக்குச் சொந்தமாகிவிட்ட ஒருவரின் திருநாளை நேற்று, ஜூலை 4 அன்று, கொண்டாடினோம்.

இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த பியர் ஜோர்ஜோ பிரசாத்தி அவர். கடந்த ஆண்டு, 2025 செப்டம்பர் 7 அன்று, திருத்தந்தை 14ஆம் லியோ அவரையும் கார்லோ அக்குதிசையும் ஒன்றாகப் புனிதர்கள் என்று அறிவித்தார். கணினி தெரிந்த கார்லோவை நம் மறைக்கல்வி மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிரசாத்தியைப் பற்றிப் பேசும்போது அவர் மலை ஏறும் படத்தைக் காட்டி, புனிதர்களும் உற்சாகமானவர்கள்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் மலையேறினார் என்பது உண்மை. ஆனால் அவர் வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேசினால்தான் நமக்குப் பயன் அதிகம்.

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 6, புனித சனியன்று பிறந்தார். தந்தை 'லா ஸ்தாம்பா' என்ற பெரிய நாளிதழின் அதிபர், செனட் உறுப்பினர், ஜெர்மனிக்கான இத்தாலியத் தூதராகவும் இருந்தவர். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் நம்பிக்கை கொள்ளாதவர். தாய் ஓவியர், அவருக்குச் சமயம் பெரும்பாலும் வழக்கத்தைச் சார்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில், லத்தீன் பாடத்தில் தோற்று இயேசு சபையினரின் பள்ளிக்கு மாற்றப்பட்ட அந்தச் சிறுவர், அங்கேதான் தினமும் நற்கருணை உட்கொள்ளத் தொடங்கினார்.

1918இல், 17 வயதில், வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். நம் பங்குகளிலும் இருக்கிற அதே சபைதான். பொதுவாக ஓய்வுபெற்ற பெரியவர்களே நம் ஊர்களில் அதில் இருப்பதால், ஒரு பதினேழு வயதுப் பையன் சேர்ந்தான் என்றால் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அதே ஆண்டில் சுரங்கப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அன்றைய சுரங்கத் தொழிலாளர்களின் துன்பமான வாழ்வில் அவர்களோடு இருக்க வேண்டும் என்பதே காரணம். 1922இல், 21 வயதில், புனித சாமிநாதர் (தொமினிக்) மூன்றாம் சபையில் சேர்ந்தார். இல்லறத்தாரும் தொழில் செய்வோரும் உலகில் இருந்துகொண்டே அதன் ஒழுங்கின்படி செபித்து வாழ்வார்கள். பள்ளி முடிந்து வேலைக்குப் போவதற்கு முந்தைய அந்த நான்கைந்து ஆண்டுகளை, 'பிறகு பார்க்கலாம்' என்று நாம் ஒதுக்கி வைக்கிற அதே ஆண்டுகளை, அவர் இப்படிக் கொடுத்தார். டிராம் வண்டிக் காசை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் தவறிவிடக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடி வருவார்.

வீட்டில் இதெல்லாம் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பிள்ளை தேர்வுகளை இழுத்தடிக்கிறான் என்பதே. அது பொய்யும் அல்ல. படிப்பு அவருக்குச் சுலபமாக வரவில்லை. பட்டம் பெற இரண்டு தேர்வுகள் மீதமிருக்கும்போதே இறந்தார். அவர் ஒரு பெண்ணை நேசித்தார். தம் வீட்டார் ஏற்க மாட்டார்கள் என்று அறிந்து, அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே விட்டுவிட்டார். 1925இல் தந்தை தம் நாளிதழ் அலுவலகத்துக்கு வரச் சொன்னபோது, சுரங்கக் கனவை வைத்துவிட்டு அதற்கும் சம்மதித்தார். இந்த முடிவுகள் சரிதானா என்று நாம் கேட்கலாம். இளைஞர் கூட்டங்களில் இதைச் சொன்னால் பாதிப் பேர் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். எலிசா ஏரை எரித்தார்; இவர் பூட்டிய ஏரை விட்டு ஓடாமல், தமக்குப் பக்கத்தில் நடப்பவர் யார் என்பதை மட்டும் தெளிவாக வைத்திருந்தார்.

1925 ஜூன் கடைசியில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் தொற்றியிருக்கும் என்று கருதுகிறார்கள். அதே நாள்களில் வீட்டில் பாட்டி மரணப் படுக்கையில் இருந்ததால், பேரன் படுத்திருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள், செயலிழந்து கொண்டிருந்த கையால் ஒரு நண்பருக்குக் கிறுக்கலாக ஒரு சீட்டு எழுதினார். ஒரு நோயாளிக்குச் சேர்க்க வேண்டிய ஊசிமருந்து. இன்னொருவரின் அடகுச்சீட்டு, அதைப் புதுப்பித்துச் செலவைத் தம் கணக்கில் எழுத வேண்டும். இவ்வளவே அதில் இருந்தது. 24 வயதில், ஜூலை 4ஆம் நாள் இறந்தார். அடக்கத்தன்று தூரின் தெருக்களில் ஏழைகள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். தங்கள் பிள்ளை யார் என்பதைப் பெற்றோர் அன்றுதான் அறிந்தார்கள்.

அடகுச்சீட்டு என்றால் என்னவென்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பணக்கார வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், சாகும் தறுவாயில் அடுத்தவர் வீட்டு அடகுச்சீட்டின் கெடு நாளை நினைவில் வைத்திருந்தார் என்றால், அவருடைய விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரத்தோடு நிற்கவில்லை என்று பொருள்.

இளையோரே, முழுமையாக ஒப்புக்கொடுப்பது என்றவுடன் கண்ணீரும் பரவசமும் வர வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தியானக் கூடத்தில் கை உயர்த்திய உணர்ச்சி திங்கட்கிழமை காலையில் போய்விடலாம். ஐயங்களும் வரும். விடுதி அறையில் உடன் தங்கும் நண்பர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்க நேரிடும். கேள்வி கேட்கிறவர் நுகத்தை உதறியவர் ஆகிவிட மாட்டார். துள்ளுகிற காளையும் பூட்டில்தான் இருக்கிறது. ஞாயிறும் வேலை வைக்கிற நிறுவனமாக இருந்தால், மாலைத் திருப்பலிக்கோ சனி மாலைத் திருப்பலிக்கோ வழி தேடுங்கள். வாங்குகிற முதல் சம்பளத்தில் ஏழைக்கு எவ்வளவு என்று, மற்றச் செலவுகளை எழுதும் முன்பே எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒப்புரவு அருளடையாளம். வாரத்துக்கு ஒருவரையாவது, அவரால் நமக்கு எந்த லாபமும் இல்லாத ஒருவரை, போய்ப் பாருங்கள்.

பெற்றோரே, பிறகு வருவோம் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு மறைக்கல்வியை நிறுத்தி டியூஷனுக்கு அனுப்பியது நாம். நீட் பயிற்சி இருக்கிறதே என்று திருப்பலியைத் தள்ளிப்போட அனுமதித்ததும் நாம். 'முதலில் வாழ்க்கையில் நிலைக்கட்டும், கோவில் எங்கே போய்விடும்' என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். பிள்ளை நம் சொல்லை நன்றாகவே கற்றுக்கொண்டது. இப்போது வெளியூரில் இருக்கும் பிள்ளை கோவிலுக்குப் போவதில்லை என்று எங்களிடம் வந்து வருந்துகிறீர்கள். இதற்கு நேர்மாறான வருத்தமும் உண்டு. மகனோ மகளோ செபத்திலும் ஏழைகளுக்கான பணியிலும் கொஞ்சம் கூடுதலாக ஈடுபட்டுவிட்டால், 'எதுவும் அளவோடு இருக்கட்டும்' என்று நாமே கடிவாளத்தை இழுக்கிறோம். தங்கள் பிள்ளை யார் என்பதை அடக்கத்தன்று அறிந்த பெற்றோரை நினைத்துக்கொள்வோம்.

இந்த வாரம் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கப் போகிறவர்கள், பெட்டியை இறக்கி வைத்து, மெஸ் கட்டணம் கட்டிய கையோடு, அருகிலுள்ள பங்குக் கோவிலுக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு நடந்து போங்கள். திருப்பலி நேரத்தைக் கேட்டு, அங்குள்ள பங்குத்தந்தையிடம் பிள்ளையை அறிமுகப்படுத்திவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறுங்கள்.