அருவமும் உருவமும்: சொற்றொடர்க் கையேட்டு மொழிபெயர்ப்பியும் தமிழ் இலக்கணமும்

மொழியியலாளர்களும் நிரலாளர்களும் தமிழாசிரியர்களும் ஒரே அரங்கில் உட்காரும் நாள்கள் குறைவு. இன்று மூன்று தரப்பினரும் வந்திருக்கிறீர்கள். நம் கருத்தரங்கின் பொருளுக்கு மூவருமே வேண்டும். ஆகவே, முகமன் உரைகளைச் சுருக்கிக்கொண்டு நேரே பொருளுக்கு வருகிறேன்.

திருப்பூரில் அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒரு பெண் ஓபி சீட்டோடு மருத்துவர் முன்னால் நிற்கிறார். மருத்துவர் கேட்க வேண்டியவை சில கேள்விகள்தாம்: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா. இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. அதன்பின் நரம்பியல் வலைப்பின்னல் முறை வந்து, தொடர்களின் ஓட்டம் வெகுவாகத் தேறியிருக்கிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இத்தகைய மொழிபெயர்ப்பிகள் எங்கே தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஓர் 'இல்லை' விட்டுப்போனாலும் தொடர் சரளமாகவே இருக்கும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இடத்தில் அந்தப் பிழையைப் பிடிக்க ஆள் கிடையாது.

இத்தகைய இடத்துக்கு வேண்டியது, தேவையான தொடர்களை மட்டும் கொண்ட சொற்றொடர்க் கையேடு. அந்தக் கையேட்டைப் பயன்படுத்துகிறவரால் அதைச் சரிபார்க்க முடியாது. எனவே, செய்தவர்தான் அதிலுள்ள ஒவ்வொரு தொடருக்கும் பொறுப்பு. பரப்பைச் சுருக்கி, அந்தப் பரப்புக்குள் சொல்லும் எதற்கும் பொறுப்பேற்கும் மொழிபெயர்ப்பியைத் தமிழுக்குச் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பதே இன்று நான் வைக்கும் கருத்து.

பரப்பைச் சுருக்குவது புதிய எண்ணமன்று. கனடாவில் மெத்தியோ என்ற அமைப்பு 1977 முதல் 2001 வரை வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு நாள்தோறும் மொழிபெயர்த்தது. அதற்குக் கவிதை தெரியாது, சட்டம் தெரியாது. மழையும் காற்றும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி ஸ்வீடனில் இருக்கிறது. ஆர்னே ரந்தா என்ற பின்லாந்து அறிஞரும் அவருடைய தோழர்களும் 1998இல் பிரான்ஸின் கிரனோபிள் நகரில், ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஒரு நிரல்மொழியைத் தொடங்கினார்கள். கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஜிஎஃப். இலக்கணம் எழுதுவதற்கென்றே பிறந்த நிரல்மொழி அது. பின்னர் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் வளர்ந்தது. தர்க்கவியலாளர் பெர் மார்ட்டின்-லோஃபின் வகைக் கோட்பாடு அதற்கு அடித்தளம். 2010 முதல் 2013 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த மோல்ட்டோ திட்டத்தில், பயணிகளுக்கான சொற்றொடர்க் கையேடு ஒன்றை இதைக்கொண்டு செய்தார்கள். தொடக்கத்திலேயே பதினான்கு ஐரோப்பிய மொழிகள். ஆண்ட்ராய்டு செயலியாகவும் வந்தது.

இதன் உள்ளமைப்பை இரண்டு சொற்களில் சொல்லலாம்: அருவம், உருவம். எல்லா மொழிக்கும் பொதுவான பொருளமைப்பு ஒன்று நடுவில் இருக்கும். அது அருவ இலக்கணம். ஒவ்வொரு மொழியும் அந்தப் பொருளைத் தன் வழக்கில் எப்படிச் சொல்கிறது என்பது உருவ இலக்கணம். உள்ளே வரும் தொடரை மரமாகப் பகுத்து, அதே மரத்தை வேறொரு மொழியில் தொடராக விரிக்கிறது பொறி. மொழி இணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பி எழுத வேண்டியதில்லை. ஒரு மொழிக்கு ஓர் உருவ இலக்கணம் எழுதினால், ஏற்கெனவே உள்ள எல்லா மொழிகளோடும் அது பேசும். அருவத்துக்கு வெளியே உள்ளதைக் கேட்டால் ஊகித்து எதையும் சொல்லாது, வாளாவிருந்துவிடும். மருத்துவமனையில் எனக்கு இந்தக் குணம் பெரிதாகப் படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஒருவருக்கு ஓர் உறுப்பில் வலி' என்பது அருவம். தமிழில் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்போம். தலை எழுவாய், வலிப்பது வினை, நோயாளி நான்காம் வேற்றுமையில். இந்தியில் 'மேரே ஸிர் மே தர்த் ஹை'. அங்கே நோயாளி உடைமைப் பொருளில் வருகிறார், தலை இடமாகிறது, வலி பெயர்ச்சொல்லாகிறது. சொல்லுக்குச் சொல் வைத்தால் இரண்டும் பொருந்தா. அருவத்தில் ஒரே முடிச்சு என்பதால் பொருத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. ஒவ்வொரு மொழியும் தன் வழியில் அதை அவிழ்க்கிறது. 'வயிற்றாலே போகிறது' என்பதையும் இப்படியே ஒரு முடிச்சாக வைக்க வேண்டும். வயிறு என்றும் போதல் என்றும் அதைப் பிரிக்கலாகாது.

இனித் தமிழின் பக்கம். தலை என்றால் 'எனக்குத்', கால் என்றால் 'எனக்குக்', பல் என்றால் 'எனக்குப்'. வயிறு என்றால் வெறும் 'எனக்கு'. அடுத்த சொல் எது என்று தெரியாமல் முதற்சொல்லை எழுதி முடிக்க முடியாது. இங்கே நிரலாளர்கள் கைவிரித்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிஎஃப் இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறது. வருஞ்சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து நிலைச்சொல்லின் வடிவத்தைத் தேரும் கட்டளை அது. ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் 'அன்', மற்றவற்றுக்கு முன் 'அ' என்று வரும் சிறுசொல்லுக்கு அது பயன்படுகிறது. நமக்கு க, ச, த, ப நான்கையும் எழுதிக் கொடுத்தால் வல்லினம் மிகும். யூனிகோடு அமைப்பும் கைகொடுக்கிறது: கா, கி, கூ எல்லாம் க என்ற குறியிலேயே தொடங்குவதால் வரிசை முழுவதையும் எழுத வேண்டாம். 'எனக்குக் காய்ச்சல்' மிகும், 'எனக்கு ஜுரம்' மிகாது. இரண்டும் தாமாகவே சரியாக வரும்.

எல்லாம் இத்தனை எளிதாக முடியாது. 'அது' என்பதும் உகரத்தில்தான் முடிகிறது. 'அது தலை' என்கிறோம், அங்கே மிகுவதில்லை. ஆகவே, மிகுமா மிகாதா என்ற செய்தியை ஈற்றெழுத்திடம் கேட்க முடியாது. அந்தச் சொல்வடிவமே அதைச் சுமக்க வேண்டும்: குவ்வுருபும் ஐயுருபும் ஏற்ற வடிவம் மிகும், எழுவாய் வடிவம் மிகாது என்பது போல. புணரியலும் உருபியலும் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. இன்ன ஈறு, இன்ன முதல், இடையே இன்ன மாற்றம் என்ற நிபந்தனை வடிவிலேயே தொல்காப்பியம் விதிகளைத் தருகிறது. அதைக் கணினி நூல் என்று சொல்லிப் பெருமைப்பட வேண்டியதில்லை. அந்த விதிகளைக் கற்றவர் ஒரு வாரப் பயிற்சியில் ஜிஎஃப் நிரலைப் படிக்கத் தொடங்கிவிடுவார் என்பது என் உறுதியான நம்பிக்கை. தமிழாசிரியர்களை இங்கே அழைத்ததற்கு இதுவே காரணம்.

வினை விகற்பத்துக்கும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வினைகளுக்கு வகுப்பெண் கொடுத்திருக்கிறது. தாமஸ் லேமன் 1989இல் தற்காலத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் இருக்கிறது, எம். ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் இருக்கிறது. இலங்கையிலிருந்து கெங்காதரையர் சர்வேஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட 'தமிழிமார்ஃப்' உருபனியல் பகுப்பி இருக்கிறது.

இனி வருவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மோல்ட்டோ கையேட்டின் அருவத்தில் 'நான்' என்பது ஒன்றாக இல்லை, ஆண்பாலும் பெண்பாலுமாக இரண்டு. 'நீ' என்பதில் நெருக்கம், மரியாதை, ஆண், பெண் என்று நான்கு. 'களைப்பாக இருக்கிறேன்' என்று சொல்ல இத்தாலிய மொழிக்குப் பேசுபவரின் பால் தெரிய வேண்டும் என்பதால் வந்த பிரிவு அது. இந்திக்கும் அது வேண்டும். தமிழில் தன்மைக்குப் பால் இல்லை. ஆனால் தமிழ் கேட்பது வேறொன்று: கேட்பவரை உள்ளடக்கிய 'நாம்', விலக்கிய 'நாங்கள்'. ஐரோப்பிய மொழிகளுக்காக வரைந்த அருவத்தில் அந்தப் பிரிவுக்கு இடம் இல்லை. தமிழ் சேர்ந்தால் அதை உண்டாக்க வேண்டும். ஒரு மொழி உள்ளே வரும்போது நடுவில் உள்ள பொதுப்பொருளே திருந்துகிறது. நாம் வெளியே நின்றால் நம் வேறுபாடுகள் அந்தப் பொதுமையில் இடம்பெறா. பிறகு வருந்திப் பயனில்லை.

பொருள் மயக்கம் வரும் இடங்களில் அந்தக் கையேடு பயனரையே கேட்கிறது: மரியாதையா, நெருக்கமா; ஆணா, பெண்ணா. சில மயக்கம் இலக்கணத்தாலேயே தெளியும். இந்தியின் 'கல்' நேற்றுக்கும் நாளைக்கும் பொது. 'கல் காய்ச்சல் வந்தது' என்றால் வினையின் காலம் ஒரு மரத்தை மட்டுமே மிச்சம் வைக்கும். ஆனால் வினையில்லாமல் 'கல்' என்று மட்டும் பதில் வந்தால் பொறி இரண்டையும் காட்டி நிற்க வேண்டும். தானாகத் தேரும் உரிமையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

பேச்சுத் தமிழைப் பற்றி விவாதம் எழும். எழுதிக் காட்டும்போது 'வலிக்கிறது' இருக்கட்டும். ஒலியாக வரும்போது 'வலிக்குது' என்றே வர வேண்டும். ஒரே அருவத்துக்கு எழுத்துத் தமிழ் ஓர் உருவம், பேச்சுத் தமிழ் இன்னோர் உருவம். மருத்துவமனையில் நிற்கும் மனிதருக்கு ஏட்டுத் தமிழால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பேச்சுவழக்கு எந்த வட்டாரத்தது என்பதை மட்டும் அமர்வுகளில் பேசி முடிவு செய்யுங்கள்.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிஎஃப் கட்டற்ற மென்பொருள். அதன் வள இலக்கண நூலகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் உள்ளன. இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி, சிந்தி அவற்றுள் சேரும். அவற்றை எழுதியவர்கள் திறந்து வைத்ததால்தான் இந்திப் பக்க வேலையை நாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாம் எழுதுவதும் அப்படியே திறந்திருக்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அச்சாகி அலமாரியில் அடைபட்டுப்போன தமிழ் நிரல்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. அந்த நிலை இதற்கு வரக் கூடாது. மூலநிரலைத் திறந்து வைத்தால், ஒரு செவிலியர் 'இந்தத் தொடரை யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்' என்று காட்டும்போது திருத்தவும் முடியும், எவர் திருத்தினார் என்று தெரியவும் செய்யும்.

மோல்ட்டோ குழுவினர் தாய்மொழியாளரிடம் எடுத்துக்காட்டுத் தொடர்களைக் கேட்டு, அவற்றிலிருந்து இலக்கணத்தைத் திரட்டும் முறையையும் கையாண்டார்கள். நமக்கும் அது உகந்தது. ஆனால் பீகாரிலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டு மொழி போஜ்புரியோ மைதிலியோதான். ஒடிசாவிலிருந்து வருபவர்களுக்கு ஒடியா. இந்தியோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும்.

முற்பகல் அமர்வில் மருத்துவர்களும் செவிலியர்களும் தாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்விகளைத் தங்கள் வாய்மொழியிலேயே சொல்வார்கள். யாரும் இடையே திருத்த வேண்டாம்; அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிற்பகலில் அவற்றுக்கு அருவம் வரைவோம். 'டாக்டர்', 'டெஸ்ட்' போன்ற டகர முதற்சொற்களுக்கு முன்னால் என்ன செய்வது என்பதை நாளைய புணர்ச்சி அமர்வுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அந்த முடிவைத் தமிழாசிரியர்கள்தாம் எடுக்க வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.