பணிவிடை செய்பவரையும் விசாரியுங்கள்

(பள்ளிவாசலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயாளியை நலம் விசாரிப்பதன் சிறப்பைப் பற்றிப் பல ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். இன்று, அந்த நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் அமர்ந்திருப்பவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தந்தை, மறதி நோயால் பெற்ற மகளையே யாரென்று கேட்கும் தாய் என நம் முஹல்லாவில் இத்தகைய இல்லங்கள் ஒன்றிரண்டல்ல. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிவிட வேண்டும், இல்லையேல் படுக்கைப் புண் வந்துவிடும் என்கின்றனர் மருத்துவர்கள். அப்படியானால் ஓர் இரவில் எத்தனை முறை எழ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! இதை ஒருவரே ஆண்டுக்கணக்கில் தனித்துச் செய்தால் முதுகு வலிக்கிறது, உறக்கம் கெடுகிறது, காரணமின்றி எரிச்சல் மூள்கிறது, தொழுகையிலும் மனம் நிலைப்பதில்லை. ஒருநாள் கடுஞ்சொல் வாய்தவறி வந்துவிடுகிறது. பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றும் சொல்லலாகாது என்ற இறைக்கட்டளை உடனே நினைவுக்கு வர, தம் ஈமானே குறைந்துவிட்டதென்று அழுகின்றார். பல வேளைகளில் அவரிடம் குறைந்திருப்பது உறக்கம்தான்.

பணிவிடை செய்பவரை மார்க்கம் மறந்துவிடவில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருக்குப் படை புறப்பட்டபோது, நோயுற்றிருந்த தம் மனைவி ருகய்யா (ரலி) அவர்களைக் கவனிப்பதற்காக உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கும் உண்டென அறிவித்தார்கள். வேறு ஆள் இல்லாத நிலையில் நோயாளியை விட்டு அகல முடியாதவருக்கு ஜும்ஆவுக்கு வராதிருக்கவும் சலுகை உண்டென்றும், அவர் வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்ளலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. எனவே அத்தகையவரைக் கடைத்தெருவில் நிறுத்தி, “பள்ளிப் பக்கமே காணோமே?” என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரவெல்லாம் நின்று வணங்க முற்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களை, ஸல்மான் (ரலி) அவர்கள் முதலில் உறங்கச் செய்தார்கள். இறைவனுக்குரிய உரிமையோடு, தன் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளும் உண்டென எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மைப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இந்த அளவுகோல் என்றால், பணிவிடைக்கு வேறு அளவுகோல் ஏது?

இனி, சற்றுக் கசப்பான பேச்சு. பெற்றோரைப் பேணும் கடமை ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அவர்கள் பெற்ற மக்கள் மீதே உள்ளது. மாமியாருக்கு மருமகள் செய்வது அவளுடைய உபகாரம், இஹ்ஸான். அதை நன்றியோடு பெற்றுக்கொள்ளலாமே தவிர, கடமையெனச் சுமத்த முடியாது. நம்மில் எத்தனை வீடுகளில் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புவதோடு சரி, மற்ற மகன்கள் பெருநாளுக்கு வந்து முகம் காட்டுவதோடு சரி! பாகப்பிரிவினைக்குப் பங்கு கணக்கிடத் தெரிந்த நமக்குப் பணிவிடைக்கு முறை வைக்கத் தெரியாதா? உள்ளூரில் இருப்பவர் வாரத்தில் இரண்டு இரவுகளை ஏற்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர், ஒரு பணியாளுக்கான ஊதியத்தை ஏற்பதோடு, விடுமுறையில் வரும்போது கட்டிலருகே படுக்கட்டும்.

விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு சொல். பத்துப் பேர் சேர்ந்து போய் இரண்டு மணி நேரம் அமர்ந்தால், தேநீர் போடுவது யார்? அதே களைத்த பெண்தான்.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஊர்தோறும் தன்னார்வலர்கள் வீடு தேடிச் செல்லும் பெரும் ஏற்பாடாக வளர்ந்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டன. இத்தகைய உதவியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது கௌரவக் குறைவன்று.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது அவர்தம் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். மவுத்தான வீட்டுக்கு நாமும் சோறு அனுப்புகிறோம். நீண்ட நாள் நோயாளி உள்ள வீட்டுக்கும் வாரம் ஒருவேளைச் சோறு அனுப்பலாம் அல்லவா? நிர்வாகத்தாரிடம் இதுபற்றிப் பேசியுள்ளோம். முஹல்லாவில் படுக்கையில் உள்ளோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஆண் நோயாளிகளுக்கு இளைஞர்களும் பெண் நோயாளிகளுக்குப் பெண்களும் வாரம் அரை நாள் மாற்றாளாக அமர ஒரு பட்டியல் தயாராகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் அஸருக்குப் பின் பள்ளி அலுவலகத்தில் கொடுக்கலாம். உதவி தேவைப்படும் வீட்டார் நேரில் வரத் தயங்கினால், மோதினாரிடம் சொல்லி அனுப்பினாலும் போதுமானது.