பூக்குமுன் பிடுங்குங்கள்

புணேயிலோ தில்லியிலோ உங்கள் வீட்டருகே, காரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் உடைய ஒரு செடியைக் கண்டிருப்பீர்கள். அதுவே பார்த்தீனியம், இந்தி பேசுவோர் 'காஜர் காஸ்' என்பர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்களை, 1955-ஆம் ஆண்டளவில் புணேயில் கண்டறியப்பட்டது. இன்று நாடெங்கும் பரவியுள்ளது. தொட்டவர் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தத்தால் மூச்சிரைப்பும் உண்டாகும். ஆகவே குழந்தைகளை இவ்வேலைக்கு ஏவலாகாது.

கடையில் விற்கும் களைக்கொல்லி வேண்டுவதில்லை. காலம் அறிந்தால் போதும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. எனவே மழையால் மண் இளகியிருக்கையில், பூப்பதற்கு முன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பூவாத செடியை எருக்குழியில் இடலாம், பூத்ததை இடலாகாது. உப்புக் கரைசல் தெளிப்பாரும் உளர். செடி கருகும், மண்ணும் கெடும். தோட்டத்துக்கு அதனை நான் சொல்லமாட்டேன். பிடுங்கிய இடத்தில் செண்டுமல்லியை நெருக்கமாக விதைத்தால் புதுக் களை தலையெடுப்பது அரிது.

இலைகளில் ஓட்டைகள் தெரிந்தால் உற்று நோக்குங்கள். வெளிறிய முதுகில் கருங்கோடுகள் கொண்ட சிறு வண்டு இருக்கும். 1983-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்ட இனம் அது. மழைக்காலத்தில் செடியை மொட்டையடித்துவிட்டு, பின்னர் மண்ணுள் புகுந்து உறங்கும். அண்டை வீட்டில் மிகுந்திருந்தால், ஒரு டப்பாவில் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்து உங்கள் தோட்டத்தில் விடலாம்.