கருவியைத் தேர்தல்



பல்லேபொல அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளின் பதிவேட்டை இணையச் செயலியாக்க எண்ணியுள்ளோம். பொத்தான், படிவம், பட்டியல் முதலிய திரை உறுப்புகளை முன்னரே செய்துவைத்த மென்பொருள் நூலகங்கள் பல உள. எதனை ஏற்பது?

முதலாவது, ஆயுளை நோக்குவோம். கூகிள் 2010இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ் பெரும்புகழ் பெற்றிருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு அதற்கான ஆதரவு நின்றது. அதை நம்பிக் கட்டியோர் மீண்டும் அத்திவாரமிட வேண்டியவராயினர்.

இரண்டாவது, உரிமம். பேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியாக்டின் ஆக்கவுரிமை நிபந்தனையை 2017இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டிலேயே அது தாராளமான எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே உரிமத்தை வாசித்தே ஏற்றல் வேண்டும்.

மூன்றாவது, பாவிப்போர். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில், பழைய கைத்தொலைபேசியில், ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைப் பதிகின்றாள். நூலகத்தின் பாரம் முழுவதும் அவள் தலையிலேயே விழும். நீண்ட தமிழ்ச் சொல் பொத்தானில் அடங்குமா? பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதனைப் படிக்குமா? முதலில் சோதித்துப் பார்ப்போம். சிறு பணியாயின் நூலகமே வேண்டியதில்லை. உலாவியே படிவமும் பொத்தானும் தந்துவிடும்.

அன்பர்களே! மன்றத்துச் செயலாளர் மாறுவார், செயலி நிலைத்திருக்கும். நமக்குப்பின் வரும் இளைஞர் விளங்கித் திருத்தக்கூடிய எளிய கருவியையே நாம் கொள்வோமாக.