கலை பயிலப் புறப்படும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கிய வட்டத்தின் மேடையில் கம்பனைப் பற்றியும் குறவஞ்சியைப் பற்றியும் பேசுவோர் பலர் உளர். அவர்களுடைய பணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, நம் வீடுகளில் ஆண்டுதோறும் மே மாதத்தில் எழுகின்ற ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, "ஓவியம் படிக்கிறேன்" என்கிறது. அல்லது "பரதம் படிக்கிறேன், பாட்டுப் படிக்கிறேன், நாடகம் படிக்கிறேன்" என்கிறது. தந்தை ஆலங்குளத்துப் பக்கம் காய்கறிக் கொல்லையில் உழைப்பவர். தாய் கடையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றுபவர். அந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது? அதற்கு என்ன செலவாகும்? படித்து முடித்தபின் என்ன கிடைக்கும்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லத் தெரிந்தவர் ஊரில் இல்லையென்றால், அந்த வீட்டில் பிள்ளையின் ஆசை ஒரு வாரத்துக்குள் அடங்கிப்போகும். நாமும் ஒரு கலைஞனை இழந்துவிடுவோம்.

இதை இந்த ஊரில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் சித்திரசபை நம் குற்றாலத்தில் இருக்கிறது. மற்றச் சபைகளில் திருமேனியாக நின்று ஆடும் பெருமான், இங்கே மூலிகை வண்ணங்களால் தீட்டப்பட்ட ஓவியமாக ஆடுகிறான். ஆடற்கலையும் ஓவியக்கலையும் ஒரே சுவரில் சேர்ந்து நிற்கும் தலம் இது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை 1944ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி நாட்டிய நாடகமாக்கியபோது, கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடக வரிசையே அதிலிருந்துதான் தொடங்கியது. நம் ஊர்க் கவிதை சென்னை சென்று கலைப்பள்ளியின் மேடையில் ஆடியது. நம் ஊர்ப் பிள்ளை அந்தப் பள்ளியின் வாசலை மிதிக்க வழி இருக்கிறதா என்று கேட்பது முறையல்லவா?

இன்னொன்றையும் நினைவுகூர்தல் நலம். கவிராயருக்கு அந்நூலுக்குப் பரிசாக, மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்பது பெயர். அக்காலத்தில் கலைக்கு ஆகும் செலவை அரசனும் கோயிலும் சுமந்தார்கள். குருவின் வீட்டில் தங்கி, அவர் வீட்டு வேலைகளைச் செய்து, சோறுண்டு கற்றவனுக்குக் கட்டணம் என்ற சொல்லே தெரியாது. இன்று அந்தச் சுமை பெற்றோர் தலையில் இறங்கியிருக்கிறது. ஆதலால் எந்தக் கல்லூரி சிறந்தது என்று மட்டும் கேட்டால் போதாது. இந்தக் குடும்பத்தால் நான்கு ஆண்டு தாங்கக்கூடிய கல்லூரி எது என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

"பட்டம் எதற்கு? பழைய கலைஞர்கள் பட்டம் பெற்றா கலை வளர்த்தார்கள்?" என்று வினவுவோர் உண்டு. நமக்கு அண்டை ஊரான கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலைகள் தீட்டினார். பின்னர்க் கோவில்பட்டியில் நிலைத்துத் தம்மைச் சுற்றி மாணவர் கூட்டம் ஒன்றை உருவாக்கினார். சிவகாசி அச்சகங்கள் வழியாக அவர்களுடைய தெய்வப் படங்கள் நாடெங்கும் நாட்காட்டிகளாகத் தொங்கின. அந்த மாணவர்கள் கல்லூரிக்குச் செல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குப் படியளந்த நாடக மேடைத் திரைச்சீலையும் கையால் தீட்டிய நாட்காட்டியும் இன்று இல்லை. இன்றைக்குப் பள்ளி, கல்லூரி, அருங்காட்சியகம், திரைப்படம், பத்திரிகை எங்கு சென்றாலும் முதலில் கேட்பது சான்றிதழை. பட்டம் கலையைத் தராது. கலைஞனுக்கு வாசலில் அனுமதி தரும். ஏழைப் பிள்ளைக்கு அந்த அனுமதி மிகவும் தேவை.

இனி, எங்கெங்கே வாய்ப்பு இருக்கிறது என்று பார்ப்போம்.

ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இரண்டு. ஒன்று, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால் போன்றோர் தலைமை வகித்த இடம். மற்றொன்று, 1887இல் வேர்விட்ட கும்பகோணக் கல்லூரி. இரண்டிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. வண்ணக்கலை, சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு ஆகியவை இரண்டிலும் இருக்க, சுடுமண் கலை, துணி வடிவமைப்பு, பதிப்போவியம் போன்றவற்றைச் சென்னையில் பயிலலாம். மரபுவழிக் கோயிற் கட்டடமும் சிற்பமும் கற்க விரும்பும் பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் 1957இல் அமைந்த அரசினர் கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. தென்காசிக் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பான இடம்.

இசைக்கும் ஆடலுக்கும் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் உள்ளன. அவற்றுக்கு முந்தைய படியாக மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு. நமக்கு அருகில் இருப்பது திருநெல்வேலிப் பள்ளி. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம் முதலியன அங்கே மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள். காருகுறிச்சி அருணாசலத்தைத் தந்த மண்ணில் நாகசுரம் கற்கப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள் என்பது நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. 2013இல் தமிழ்நாடு அரசு இசைக்கும் கவின்கலைகளுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவியது. இன்று அது ஜெயலலிதா பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றையன்றி, 1929இலேயே இசைக்கல்லூரி கண்ட அண்ணாமலை நகரும், திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரியும் உள்ளன.

நாம் மறந்துவிடும் திசை ஒன்று உண்டு, அது மேற்கு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் திருவனந்தபுரம் 100 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தொலைவுதான். அங்கே அரசு கவின்கலைக் கல்லூரியும், 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியும் இருக்கின்றன. சென்னையோ 600 கிலோமீட்டருக்கு அப்பால். கும்பகோணம் ஏறத்தாழ 400. வேற்று மாநிலத்தவருக்கு எத்தனை இடம், என்ன கட்டணம், பாடமொழி எது என்பவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆயினும் விசாரிக்காமலே ஒதுக்கத்தக்க திசையன்று அது.

நாடகத்துக்கு நம் மாநிலத்தில் வழி குறுகலானது. நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம் 1959இல் நிறுவப்பட்ட தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, காந்திகிராமத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பித்தார். தேசிய நாடகப் பள்ளியில் சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும். சேர்ந்தோருக்கு மாத உதவித்தொகை உண்டு. எனவே நாடக ஆசையுள்ள பிள்ளை, ஊருக்கு அருகில் குறைந்த செலவில் தமிழோ வரலாறோ படித்துக்கொண்டே மேடைப் பயிற்சி பெற்று, அதன்பின் தில்லியையோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியையோ நாடலாம். செலவு குறைந்த பாதை சில வேளைகளில் சுற்றுப்பாதையாகவும் இருக்கும்.

இனிச் செலவு. அரசுக் கல்லூரியின் கட்டணம் குறைவு. தனியார் நிறுவனங்கள் சில ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் கேட்கின்றன. இந்த ஒப்பீட்டோடு பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். கட்டணம் குடும்பத்தின் செலவில் ஒரு பகுதிதான். விடுதி இடம் கிடைக்குமா, வெளியில் அறை எடுக்க வேண்டுமா என்பது இரண்டாவது. கருவிப் பொருள் மூன்றாவது. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு நூலகம் போதும்; ஓவியம் படிக்கும் பிள்ளைக்கு எண்ணெய் வண்ணமும் கித்தானும் தூரிகையும் வாரந்தோறும் தீர்ந்துகொண்டிருக்கும். பரதம் படிக்கும் பெண்ணுக்கு உடையும் சலங்கையும் பக்கவாத்தியமும் வேண்டும். ஊருக்கு வந்துபோகும் பயணம் நான்காவது. ஆகவே கல்லூரிக்குச் செல்லும்போது அலுவலகத்தில் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைச் சந்தித்து, "மாதம் உனக்கு உண்மையில் என்ன செலவாகிறது?" என்று கேளுங்கள். பயிற்சிக்கூடத்தில் பொருள்கள் எவை கொடுக்கப்படுகின்றன, எவற்றைத் தாமே வாங்க வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். குரு இல்லாத கல்லூரி, கட்டணம் வாங்காவிட்டாலும் விலை கூடியதே.

சான்றிதழ், பட்டயம், பட்டம் மூன்றும் வெவ்வேறு. கலாக்ஷேத்திரம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். அங்கே பல்லாண்டுக் காலமாக வழங்கிவருவது பட்டயம். பெருமையில் அது எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று. ஆனால் பிள்ளை பின்னர் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறதோ, அப்பணி எதைத் தகுதியாகக் கேட்கிறது என்று முன்னமே அறிந்திருக்க வேண்டும். அவ்வாறே, கலை அறிவியல் கல்லூரிகளில் நடக்கும் காட்சித் தகவலியல் இளமறிவியல் பட்டமும் கவின்கலைப் பட்டமும் ஒன்றல்ல. முன்னது ஊடகத்தை நோக்கியது. பின்னது ஓவியப் பலகையில் தொடங்குவது. பெயரைக் கண்டு மயங்கிச் சேர்ந்து வருந்துவோர் பலர்.

உதவிகளும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. நான்காண்டுக்குக் கணக்கிட்டால் 48,000 ரூபாய். வண்ணமும் கித்தானும் வாங்கப் பேருதவி அது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்குரிய உயர்கல்வி உதவித்தொகை தனி. நடுவண் அரசின் பண்பாட்டுத் துறை, ஏற்கெனவே குருவிடம் பயிற்சி பெற்ற 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு வழங்கும் திட்டமும் உள்ளது. நாட்டுப்புறக் கலைகளும் அதில் அடங்கும். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் வாழும் நம் பகுதியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்?

படித்து முடித்தபின் என்ன என்ற வினாவை மறைக்கக் கூடாது. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள்; தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் அது உயர்ந்தாலும், நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை நாளேடுகளில் நாம் படித்தே வந்திருக்கிறோம். கலைப் பட்டம் பெற்றால் அரசுப் பணி உறுதி என்று எந்தப் பெற்றோருக்கும் நாம் வாக்களிக்க இயலாது. அதனால்தான் கடன் வாங்கிக் கலை படிக்க வேண்டாம் என்கிறேன். கலைஞனின் முதற் பத்தாண்டு வருவாய் குறைந்த காலம். அந்தக் காலத்தில் வட்டி கட்ட வேண்டியவன் தூரிகையைக் கீழே வைத்துவிடுவான். கடனின்றிப் படித்தவனோ குறைந்த வருவாயிலும் தன் கலையைவிட்டு நீங்காமல் இருப்பான். குறைந்த செலவுக் கல்லூரியை நான் வலியுறுத்துவதன் முழுப்பொருள் இதுவே.

கே.எம். ஆதிமூலத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். திருச்சி மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்து, 1960களில் சென்னை அரசுக் கல்லூரியில் பயின்றவர். நம் சிறுபத்திரிகைகளுக்கும் கவிதை நூல்களுக்கும் கோட்டோவியமும் எழுத்துருவும் தந்தவர். அரசுக் கல்லூரி என்ற ஒன்று இல்லாதிருந்தால், தமிழ்க் கவிதையின் முகமே வேறாக இருந்திருக்கும்.

கவிஞர்களாகிய நீங்கள் இதில் என் செய்யலாம்? மலையாளக் கவி வள்ளத்தோள் 1930இல் கலாமண்டலத்தைத் தொடங்கினார். பொருள் திரட்டக் குலுக்கல் சீட்டுக்கூட நடத்தினார். தாகூர் 1919இல் சாந்திநிகேதனில் கலாபவனத்தை அமைத்தார். நாம் கல்லூரி கட்ட வேண்டாம். மூன்று சிறு பணிகளை மேற்கொள்வோம்.

முதலாவது, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலை படிக்க விரும்பும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து, அந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்புகளை வாசித்து விளக்குவோம். செய்முறைத் தேர்வுக்குக் காட்டவேண்டிய ஓவியங்களை ஒழுங்குபடுத்த உதவுவோம். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் வண்ணம், கித்தான், சலங்கை வாங்க ஒரு நிதி வைப்போம். அதற்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயரிடலாம். மூன்றாவது, நம் கவிதைத் தொகுதிகளுக்கு அட்டை ஓவியம் வரைந்து தரும் இளைஞருக்கு நன்றியுரையோடு நில்லாமல் உரிய தொகையையும் கொடுப்போம். அச்சகத்துக்கும் தாளுக்கும் கொடுக்கிறோம். ஓவியனிடம் மட்டும் இலவசம் எதிர்பார்ப்பது கவிஞனுக்கு அழகன்று.

திருநெல்வேலியில் வட்டத்தொட்டி கூட்டியும், குற்றாலத்தில் வாழ்ந்தும், கவியையும் இசையையும் சுவைக்கக் கற்பித்தார் இரசிகமணி டி.கே.சி. சுவைஞர்களை உருவாக்கிய அந்த மரபின் வழிவந்த நாம், கலைஞர்களையும் உருவாக்கத் துணைநிற்போம். வரும் ஏப்ரலில் முதற் கூட்டத்தை நடத்த இன்றே நாள் குறிக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.