காதருகே மூன்று முறை



பழங்கால ஈமப் பானையான முதுமக்கள் தாழியைப் பற்றிக் காஞ்சிபுரத்து நெசவுத் தெருவில் கேட்டாலும், திருநெல்வேலிக் கிராமம் ஒன்றில் கேட்டாலும், பெரியவர்கள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்தில் சாவு லேசில் வராதாம். வயதாக ஆக உடம்பு சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுமாம். விளக்கு மாடத்தில் உட்கார வைத்திருப்பார்களாம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனால், தாழிக்குள் இறக்கி, சோறும் தண்ணீரும் வைத்து, உயிரோடு மூடிவிடுவார்களாம்.

தொல்லியல் இதை ஏற்கவில்லை. செங்கல்பட்டு வட்டாரத்துச் சானூரில் 1950களின் தொடக்கத்தில் ஈமக்குழிகளைத் தோண்டினார்கள். கால் வைத்த சுடுமண் பேழைகள் வெளிப்பட்டன. இப்படிப்பட்ட பேழைகளிலும் தாழிகளிலும் பெரும்பாலும் முழு உடல் இருப்பதில்லை. முதலில் வேறிடத்தில் கிடத்தி, பிறகு பொறுக்கி எடுத்து வைத்த எலும்புகள்தான் இருக்கின்றன. காஞ்சிக்கு வந்து அறம் கேட்ட மணிமேகலையின் காப்பியமும், சுடுவது, குழியில் புதைப்பது, தாழியில் கவிப்பது எனப் பலவகை அடக்கங்களைச் சொல்கிறது. எல்லாம் இறந்தவர்களுக்குத்தான்.

ஆனாலும் அந்தக் கதையை வெறும் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உயிர் போகுமுன் மண்ணைத் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நம் மக்கள் தங்களால் முடிந்த மருந்தையும் தேடினார்கள். மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். தெலுங்கு நாட்டில் பாடையைப் பாதி வழியில் இறக்கி, இறந்தவரின் காதருகே குனிந்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால்தான் மறுபடி தூக்குவார்கள். சடங்கென்று நாம் நினைப்பது ஒரு சோதனை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே பயம் பெரும்பீதியாகவே வளர்ந்தது. காலரா காலத்தில் அவசர அவசரமாகப் புதைத்ததும் ஒரு காரணம். அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் 1799இல் சாகும் தறுவாயில், மூன்று நாள் ஆகுமுன் என்னை அடக்கம் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜெர்மனியில் பிணங்களைக் கிடத்திக் காத்திருக்கவே தனி வீடுகள் கட்டினார்கள். விரலில் கட்டிய கயிறு அசைந்தால் காவலாளியின் அறையில் மணி அடிக்கும். 1829இல் டாபர்கர் என்ற மருத்துவர், கயிற்றை மேலே உள்ள மணியோடு இணைத்த சவப்பெட்டியை வடிவமைத்தார். 1897இல் ரஷ்யப் பேரரசரின் அரண்மனை அதிகாரி கார்னிஸ் கார்னிக்கி இன்னும் நுட்பமாக ஒன்று செய்தார். பிணத்தின் நெஞ்சின் மேல் கண்ணாடி உருண்டை. அது சற்று அசைந்தாலும் குழாய் திறந்து காற்று உள்ளே போகும், மேலே கொடி எழும்பும், மணி ஒலிக்கும். ஆனால் பிணம் அழுகி உப்பும்போதும் உருண்டை அசையுமே! இந்தப் பெட்டிகளால் ஒருவராவது பிழைத்ததாக நம்பத்தக்க பதிவு கிடையாது.

பயத்தைத் தணித்தது வேறொரு கருவி. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப். இதய ஒலி நின்றுவிட்டதைக் காதால் கேட்டு உறுதிசெய்வதே சாவுக்கு நம்பகமான சான்று என்று பிரெஞ்சு மருத்துவர் பூஷு 1840களில் நிறுவினார்.

இன்று அந்தப் பழைய பயம் நம் மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கிறது. "நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?" இது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. கருவியால் மூச்சு ஓடினாலும் மூளை மீளாதபடி செயலிழந்துவிட்ட நிலையான மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்றுகிற குழுவினர் அதில் இருக்கக் கூடாது. கண்ணில் ஒளி அடிப்பார்கள். காதுக்குள் பனிக்குளிர் நீரை விட்டு விழி அசைகிறதா என்று பார்ப்பார்கள். சுவாசக் கருவியிலிருந்து பிரித்து, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து அத்தனையும் மறுபடி.

நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன், 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவருமே மருத்துவர்கள். சோதனைகளின் பொருளை அவர்களை விட யார் அறிவார்? உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். சென்னைப் போலீஸார் சாலையைக் காலி செய்து வழிவிட, அவன் இதயம் முகப்பேரில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் ஓர் இயக்கமாகவே எழுந்தது. 2023 செப்டம்பரிலிருந்து, உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது.

நீங்கள் உறுப்பு தான அட்டையில் கையெழுத்திட்டிருந்தாலும், கடைசியில் சம்மதம் கேட்பது உங்கள் குடும்பத்திடம்தான். அந்த நேரத்தில் அவர்கள் தடுமாறாமல் இருக்க, உங்கள் விருப்பத்தையும், இந்தச் சோதனைகள் எப்படி நடக்கும் என்பதையும் வீட்டில் இன்றே சொல்லிவையுங்கள்.