தானே கட்டிக்கொள்ளும் புரதம்



அம்பத்தூரிலுள்ள ஆவின் பால் பண்ணையிலிருந்து நம் பகுதி வீடுகளுக்கு நாள்தோறும் பால் வருகிறது. அதனை வெண்மையான திரவம் என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில், எண்ணற்ற நுண்ணிய உருண்டைகள் நீரில் மிதப்பதே பால். அவ்வுருண்டைகளுள் மிகப் பெரும்பாலானவை கேசின் என்னும் புரதத்தால் ஆனவை. ஒரு மில்லிமீட்டரை 10,000 கூறாக்கினால், ஓர் உருண்டையின் குறுக்களவு அவற்றுள் ஒன்றோ இரண்டோ கூறுதான். அவற்றை உருட்டி வைத்தவர் எவருமில்லை. பசுவின் மடியிலுள்ள உயிரணுக்களுக்குள்ளேயே அவை தாமே திரண்டு உருவாகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இதனை அறிந்த மனிதன் இன்று என்ன செய்யத் துணிந்திருக்கிறான்? இவ்விரண்டைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

துணி துவைக்கும் சோப்பை எண்ணிப் பாருங்கள். சோப்பின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். ஆகவே நீரில் கரைத்ததும், வால்கள் உள்ளே ஒடுங்க, தலைகள் வெளியே நிற்க, சிறு சிறு பந்துகள் அமைகின்றன. அழுக்கிலுள்ள எண்ணெய் அப்பந்துகளுக்குள் அகப்பட்டு நீரோடு போய்விடுகிறது. நீரை நாடும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் ஒருங்கே அமைந்த இத்தகைய பொருள்களை இருநாட்டப் பொருள்கள் எனலாம்.

புரதமும் பல வேளைகளில் இவ்வகையைச் சேர்ந்ததே. 20 வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலையே புரதம். சில மணிகள் நீரை நாடுவன, சில வெறுப்பன. எந்த மணிக்குப் பின் எந்த மணி வருகிறது என்பதே, அந்த மாலை எவ்வாறு மடியும், எதனோடு சேரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கேசின் உருண்டையின் மேற்பரப்பில் நீரை நாடும் பகுதிகள் மயிர் போல் நீட்டிக்கொண்டு, ஓர் உருண்டை மற்றொன்றோடு ஒட்டாமல் காக்கின்றன. உறை மோர் ஊற்றியபின் புளிப்பு ஏற ஏற அக்காவல் தளர்கிறது, உருண்டைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, பால் தயிராகிறது.

புரதத்தின் வடிவத்தை அறிவதில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலுக்கும் தசைநாணுக்கும் வலிவு தரும் கொல்லாஜென் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-லும் 1955-லும் எடுத்துக்காட்டினார். 1963-ல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து, புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை ஒரு வரைபடமாக்கினார். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் அதனை இன்றும் உலகெங்கும் மாணாக்கர் பயில்கின்றனர்.

மாலையில் ஒரு மணி மாறினால் என்ன நேரும்? விடை நீலகிரியிலேயே இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுக் குறை இருப்பதை 1952-ல் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தில், 146 மணிகள் கொண்ட ஓர் இழையின் 6-ஆவது இடத்தில், நீரை நாடும் குளூடாமிக் அமிலத்துக்குப் பதில் நீரை வெறுக்கும் வாலின் வந்தமர்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றவருடைய சிவப்பணுக்களில், பிராணவாயு குறையும்போது அப்புரதங்கள் ஒன்றையொன்று பற்றி நீண்ட நார்களாகத் திரள்கின்றன. அணு அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களை அடைக்கிறது. உடல் வலியால் துடிக்கிறது. 2047-க்குள் இந்நோயை ஒழிக்க வேண்டும் என்ற குறிக்கோளுடன் 2023-ல் தேசிய இயக்கமொன்று தொடங்கப்பட்டிருக்கிறது.

உயிரணுவுக்குள் புரதம் தானே திரள்வது நோயாகவும் முடியலாம் என்பதை இதனால் அறிகிறோம். அதே திரட்சியை நன்மைக்குத் திருப்ப இயலாதா? ஜெர்மனியிலுள்ள பிரைபுர்க் நகரில் ஸ்டெபான் ஷில்லரும் அவர் குழுவினரும் இதனை முயன்று, 2015-ல் தம் முடிவை அச்சில் வெளியிட்டனர். நம் இரத்தக் குழாய்களுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்தில், ஐந்து மணிகள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தொடரின் 4-ஆவது மணியை மட்டும் நம் விருப்பப்படி மாற்றலாம். ஒரு பாதியில் நீரை நாடும் மணிகளையும், மறு பாதியில் வெறுக்கும் மணிகளையும் அமைத்து, அதற்கேற்ற மரபணுவை ஈ. கோலி என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். பாக்டீரியா பெரும்பாலும் உள்ளறைகளற்ற ஒற்றை அறை வீடு. அவ்வீட்டுக்குள் புதிய புரதங்கள் தாமே கூடிச் சிற்றறைகளை அமைத்தன. ஒளிரும் புரதத்தை அவற்றோடு இணைத்து, நுண்ணோக்கியால் அவற்றைக் கண்டனர்.

அறை எதற்கு? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசலுக்கு ஓரிடம், வார்ப்புக்கு ஓரிடம் என்று பிரித்து வைப்பது ஏன்? ஒரு வேலை மற்றொன்றைக் கெடுக்கலாகாது என்பதற்காகவே. உயிரணுவுக்குள்ளும் தனியறை இருந்தால், மருந்துப் பொருளைச் செய்யும் நொதிகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம். இடையில் தோன்றும் நச்சுப்பொருள் அணுவைக் கொல்லாமல் தடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் நம்புகின்றனர். இது பரவலாகத் தொழிற்சாலைக்கு வர இன்னும் நெடுந்தொலைவு உண்டு. ஆயினும் 2024-ல் மத்திய அமைச்சரவை உயிரித் தொழில் உற்பத்திக்கென ஒரு கொள்கைக்கே ஒப்புதல் அளித்துள்ளது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்று பயிலும் பிள்ளைகள் நாளை இத்தொழிலுக்குச் செல்லக்கூடும்.

ஆற்றல் பெருகும்போது பொறுப்பும் பெருகவேண்டும். மாற்றப்பட்ட உயிரைக் கூடத்துக்கு வெளியே விடலாமா, விட்டால் விளைவு என்ன என்பனவற்றை ஆராய நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது சரிவர நடக்கிறதா என்று கேட்கத் தெரிந்த குடிமக்களும் வேண்டும். பொருள் தெரியாதவன் ஒன்று அஞ்சுவான், அன்றேல் கண்மூடி நம்புவான். இரண்டும் நாட்டுக்கு நலமல்ல.

எனவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று வேண்டுகிறேன். ஒரு கிண்ணம் நீரில் சிறிது எண்ணெய் விட்டுப் பிள்ளைகளைக் கலக்கச் சொல்லுங்கள். பிறகு சோப்பு இட்டுக் கலக்கச் சொல்லுங்கள். "ஏன் இப்படி?" என்று குழந்தை கேட்டால், அதனை அடக்காமல் விடை தேட விடுங்கள். கொல்லாஜெனின் முறுக்கை நம் ஊரில் கண்டதும் இத்தகைய கேள்வியால்தான்.